ஒன்பது மொட்டு, ஒரே தண்டு: உங்கள் முதல் இயங்கு சிற்பம்

நீளமான மரப்பெட்டி ஒன்று. அதன் மூடிக்கு மேலே வரிசையாக ஒன்பது காகித மொட்டுகள். பெட்டிக்குள் ஒரு தண்டு மெல்லச் சுழல, மொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பித் தாழ்கின்றன. இடக்கோடியில் புறப்பட்ட அலை வலக்கோடியை எட்டுவதற்குள் அடுத்த அலை கிளம்பிவிடுகிறது. இயங்கு சிற்பம் செய்ய ஆசைப்பட்டு, எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: இந்த அலையை முதலில் செய்யுங்கள். கைவேலையும் இயந்திரமும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முட்டிக்கொள்கின்றன என்பதை இந்த ஒரு பெட்டியே காட்டிவிடும்.

பாகங்கள் குறைவாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். ரஷ்யச் சிற்பி நௌம் காபோ 1919-20இல் செய்த புகழ்பெற்ற இயங்கு சிற்பத்தில் இருந்தது ஓர் எஃகுக் கம்பி, அதை அதிர வைக்க ஒரு மோட்டார். கம்பி அதிரும்போது அந்த ஒற்றைக் கம்பியே பருமனான ஓர் அலைவடிவமாகக் கண்ணுக்குத் தெரியும். பாகங்கள் கூடக்கூடச் சிற்பம் சிறக்கும் என்பதில்லை. சிக்கிக்கொள்ளும் இடங்கள் கூடும் என்பது மட்டும் உறுதி.

வேலையில் இறங்குமுன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கையால் செய்யும் பொருள் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது, அதுதான் அதன் அழகு. இயந்திரத்துக்கோ ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைப் போலவே இருந்தாக வேண்டும். ஆகவே எந்தப் பாகத்தை எடுத்தாலும் இது கண் பார்க்கும் இடமா, உலோகம் உரசும் இடமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கண் பார்க்கும் இடத்தில் கை தன் இஷ்டப்படி போகட்டும். உரசும் இடத்தில் அளவுக்கு அடங்கியே ஆக வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிப்போட்டுக் கெட்டுப்போன சிற்பங்கள்தான் அதிகம். மொட்டின் இதழை அரை மில்லிமீட்டர் பார்த்து வெட்டுவார்கள், கம்பி போகும் துளையைக் கண்மதிப்பில் போடுவார்கள்.

அட்டையில் ஒரு ஒத்திகை

மரத்தைத் தொடுவதற்கு முன்னால், ஒரே ஒரு மொட்டுக்கான அமைப்பை அட்டையில் செய்து பாருங்கள். தடித்த அட்டையில் 4 செ.மீ. விட்டமுள்ள வட்டம் ஒன்றை வெட்டுங்கள். அதன் மையத்தில் துளை போடாமல், மையத்திலிருந்து 8 மி.மீ. தள்ளிப் போடுங்கள். அந்தத் துளையில் ஒரு குச்சியைச் செருகிச் சுழற்றினால் வட்டம் நொண்டி நொண்டிச் சுற்றும். இதற்குத்தான் கேம் என்று பெயர். அதன் விளிம்பின் மேல் ஒரு கம்பியை நிமிர்த்தி வைத்தால், ஒரு சுற்றில் அது 16 மி.மீ. ஏறி இறங்கும். துளை எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதைப்போல் இருமடங்கு ஏற்றம். சிற்பத்தின் கணக்கு முழுவதும் இவ்வளவுதான்.

சுவிஸ் கடிகாரக் கலைஞர் பியர் ஜாக்கே-துரோ குடும்பத்தார் 1774இல் மக்கள் முன் வைத்த 'எழுதும் சிறுவன்' பொம்மையின் உடம்புக்குள்ளும் இதே கேம்கள்தான் அடுக்கடுக்காக இருக்கின்றன. விளிம்பின் மேடுபள்ளங்கள் கையை நகர்த்த, அது 40 எழுத்து வரையிலான எந்த வாசகத்தையும் மையில் தொட்டு எழுதும். சுவிட்சர்லாந்தின் நூஷாட்டெல் அருங்காட்சியகத்தில் இன்றும் இயங்குகிறது. விளிம்பை நீங்கள் செதுக்கும் விதமே அசைவின் விதம். வட்டமான விளிம்பு மென்மையாக ஏற்றி இறக்கும். நத்தை ஓடுபோல் சுருண்ட விளிம்பு மெல்ல ஏற்றிச் சட்டென்று விழவிடும். முதல் சிற்பத்துக்கு வட்டமே போதும். சட்டென்று விழுவது பார்க்க அருமையாக இருந்தாலும், ஒவ்வொரு தடவையும் தட்டுகிற சத்தம் வரும்.

தேவையான பொருட்கள்

கேம்களுக்கு 6 மி.மீ. பிளைவுட், பெட்டிக்கு 9 அல்லது 12 மி.மீ. பிளைவுட். சுழலும் தண்டுக்கு 6 மி.மீ. எஃகுக் கம்பி, 45 செ.மீ. நீளம். மொட்டுகளைத் தூக்கும் கம்பிகளுக்கு 3 மி.மீ. எஃகு, ஒவ்வொன்றும் 16 செ.மீ. வீதம் ஒன்பது. எஃகை மரத்தோடு சேர்க்க எபாக்சிப் பசை. மரப்பசை எஃகைப் பிடிக்காது, பிடித்ததுபோல் இருந்துவிட்டு ஒரு வாரத்தில் விட்டுவிடும். இவற்றோடு சிறு வாள், டிரில், கிளாம்ப் இரண்டு, உப்புத்தாள், மூலைமட்டம், பாகைமானி, ஒரு மெழுகுவர்த்தி. துளைக்கும்போதும் அறுக்கும்போதும் கண்ணாடி அணியுங்கள். பிளைவுட் தூளில் பசையும் கலந்திருப்பதால் தேய்க்கும்போது முகக்கவசம் வேண்டும். பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு துளைக்காதீர்கள், கிளாம்பில் இறுக்குங்கள்.

கேம்களை ஒரே அடுக்காகச் செய்யுங்கள்

ஒன்பது கேம்களைத் தனித்தனியாக வெட்டினால் ஒன்பது அளவு வரும். அதனால் 45 மி.மீ. சதுரத் துண்டுகள் ஒன்பதை அடுக்கி, டேப்பால் இறுகச் சுற்றுங்கள். மேல் துண்டில் மையத்தைக் குறித்து 3 மி.மீ. துளையும், அதிலிருந்து 8 மி.மீ. தள்ளி 6 மி.மீ. துளையும் அடுக்கு முழுவதும் ஊடுருவும்படி போடுங்கள். டிரில் சாயாமல் நேராக இறங்குவதுதான் இங்கே முக்கியம். டிரில் ஸ்டாண்ட் கிடைத்தால் இந்த ஒரு வேலைக்காவது பயன்படுத்துங்கள். பிறகு 3 மி.மீ. துளையில் போல்ட் போட்டு முடுக்கி, 40 மி.மீ. வட்டத்துக்குச் சற்று வெளியே அறுத்து, அடுக்காகவே வைத்து உப்புத்தாளில் கோடு வரை தேய்த்துக் கொண்டு வாருங்கள். வட்டம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் ஒன்பதும் ஒரே கோணலில் இருக்கும், அலை கெடாது.

அடுக்கைப் பிரிக்கும் முன் பக்கவாட்டில் ஒரு சாய்கோடு போட்டுவையுங்கள். எது எத்தனையாவது கேம், எது எந்தப் பக்கம் என்பது பின்னால் குழம்பாது. பிரித்த பின் ஒவ்வொரு கேமிலும் பெரிய துளையிலிருந்து சிறிய துளை வழியாக விளிம்பு வரை பென்சிலால் கோடு இழுங்கள். கேமின் உச்சி எங்கே இருக்கிறது என்பதை அந்தக் கோடு காட்டும்.

பெட்டியும் துளைகளும்

பெட்டியின் உள்நீளம் 36 செ.மீ., உள்ளகலம் 8 செ.மீ. அடிப்பலகையிலிருந்து 40 மி.மீ. உயரத்தில் தண்டுக்கான துளை, 80 மி.மீ. உயரத்தில் முதல் வழிப்பலகை (மொட்டுக் கம்பிகள் சாயாமல் ஏறி இறங்க வழிவிடும் துளைப்பலகை), 120 மி.மீ. உயரத்தில் மூடி. மூடியே இரண்டாவது வழிப்பலகை. இந்த அளவுகளுக்குக் காரணம் உண்டு. கேமின் உச்சி தண்டிலிருந்து 28 மி.மீ. தூரம் போகும், ஆகவே அடியில் இடிக்காமலிருக்க 40 போதும். மேலேயும் 28 மி.மீ. எழும்பும் கேமுக்கும், கம்பியின் அடியில் ஒட்டி அதன் மேல் உட்காரப்போகும் தட்டுக்கும் சேர்த்து 40 மி.மீ. இடம் தேவை. அளவை மாற்ற விரும்பினால் கேமின் உச்சித் தூரத்தை முதலில் கணக்கிட்டுவிட்டு மாற்றுங்கள்.

இனி வருவது இந்த வேலையிலேயே மிக நுணுக்கமான இடம். வழிப்பலகையையும் மூடியையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கிளாம்பில் இறுக்கி, 40 மி.மீ. இடைவெளியில் ஒன்பது துளைகளை ஒரே வீச்சில் இரண்டிலும் போடுங்கள். 3 மி.மீ. கம்பிக்கு 3.5 மி.மீ. துளை. தனித்தனியாகத் துளைத்தால் மேல்துளையும் கீழ்த்துளையும் நேருக்கு நேர் வராது, கம்பி சாய்ந்து இறுகிக்கொள்ளும். நான் முதன்முதலில் செய்தபோது தனித்தனியாகத்தான் துளைத்தேன். ஒன்பதில் நான்கு கம்பிகள் ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டன. மெழுகு, கிராஃபைட் என்று எதைப் போட்டும் பயனில்லாமல் கடைசியில் மூடியையே புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. இரண்டு பக்கப் பலகைகளிலும் தண்டு போகும் துளையையும் இதே மாதிரி சேர்த்து வைத்தே துளையுங்கள்.

பெட்டியை முழுவதும் ஒட்டிவிடக் கூடாது. ஒரு பக்கப் பலகையும் மூடியும் திருகாணியில் இருக்கட்டும். இந்தச் சிற்பத்தை நீங்கள் குறைந்தது பத்துத் தடவையாவது பிரித்துப் பூட்டப்போகிறீர்கள்.

மெல்லச் சுழலும் தண்டுக்கு மரத்துளையில் மெழுகு தேய்த்தாலே நெடுநாள் ஓடும். தினமும் பல மணி நேரம் ஓடவேண்டுமென்றால் பக்கப் பலகைகளில் 6 மி.மீ. உள்விட்டமும் 19 மி.மீ. வெளிவிட்டமும் உள்ள பால் பேரிங் பதியுங்கள். மரத்துக்கு எண்ணெய் மட்டும் வேண்டாம். மரம் அதைக் குடித்து ஊதும், தூசும் சேர்ந்து பிசுக்காகிவிடும். கேமின் விளிம்புக்கு மெழுகு, கம்பித் துளைகளுக்குப் பென்சில் கரித்தூள், இரண்டும் போதுமானவை.

அலையைக் கோப்பது

ஒரு முழுச் சுற்று 360 பாகை. ஒன்பது கேம்களுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றும் முந்தையதைவிட 40 பாகை தள்ளியிருக்க வேண்டும். ஒரு தாளில் வட்டம் வரைந்து, மையத்திலிருந்து 40 பாகைக்கு ஒன்றாக ஒன்பது கோடுகள் இழுத்து எண் போடுங்கள். தாளை ஒரு பலகையில் ஒட்டி, மையத்தில் 6 மி.மீ. துளை போட்டுத் தண்டை அதில் செங்குத்தாக நிறுத்துங்கள். முதல் கேமைத் தண்டில் இறக்கி, அதன் உச்சிக்கோட்டை முதல் கோட்டுக்கு நேராக மூலைமட்டம் வைத்துத் திருப்புங்கள். அடுத்த கேம் 40 மி.மீ. மேலே, இரண்டாவது கோட்டுக்கு நேராக. இப்படியே ஒன்பதும்.

உடனே பசை போட்டுவிடாதீர்கள். துளை சற்று இறுக்கமாக இருந்தால் கேம்கள் தாமாகவே நிற்கும். தளர்ந்தால் தண்டில் ஒரு சுற்று காகித டேப் ஒட்டிக்கொள்ளலாம். தண்டைப் பெட்டியில் மாட்டிக் கையால் சுழற்றி, அலை ஒழுங்காக ஓடுகிறதா என்று எதிரே நின்று பாருங்கள். ஐந்து பாகை முன்பின் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. வரிசை மாறியிருந்தால் மட்டும் உடனே தெரியும். எல்லாம் சரியென்றான பின், தண்டில் கேம் உட்காரும் இடங்களை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, பல்குச்சியால் எபாக்சி வைத்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

ஒவ்வொரு 3 மி.மீ. கம்பியின் அடியிலும் 30 மி.மீ. விட்டமுள்ள மெல்லிய மரத்தட்டு ஒன்றை ஒட்ட வேண்டும். கேமின் மேல் உட்காரப்போவது இதுதான். சுழலும்போது கேம் தொடும் இடம் நடுவிலேயே இருக்காது, முன்னும் பின்னும் 8 மி.மீ. நகரும். தட்டு சிறிதாக இருந்தால் கேம் விளிம்பைத் தாண்டிப் போய்க் கம்பியை மடக்கிவிடும்.

இதில் ஓர் இனிய விஷயமும் ஒளிந்திருக்கிறது. தட்டின் நேர் நடுவில் கேம் இருந்தால் கம்பி ஏறி இறங்க மட்டும் செய்யும். கேமைத் தண்டின் வாக்கில் 4 மி.மீ. நகர்த்தி வைத்தால் உராய்வு தட்டை ஒரு பக்கமாகத் தள்ளும். மொட்டு ஏறி இறங்கிக்கொண்டே தன்னைத்தானே மெல்லச் சுற்றிக்கொள்ளும். கூடுதலாக ஒரு பாகம்கூட இல்லாமல் இரண்டு அசைவுகள்! கையால் செய்த கேம் மிகச் சரியாக நடுவில் நிற்பது அரிது என்பதால் கொஞ்சம் சுழற்சி எப்படியும் இருக்கும். அதனால்தான் இலையைச் சொல்லாமல் மொட்டைச் சொன்னேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அது மொட்டாகவே தெரியும்.

மொட்டுகள்

இங்கே அளவுகோலைக் கீழே வைத்துவிடலாம். காகிதம், துணி, மெல்லிய மரச்சீவல், காகிதக்கூழ், எது உங்கள் கைக்குப் பழக்கமோ அதில் செய்யுங்கள். ஒன்று இறுக மூடிய மொட்டாக, இன்னொன்று சற்று அவிழ்ந்ததாக, மூன்றாவது ஓர் இதழ் மட்டும் விலகியதாக இருக்கலாம். தையல் தெரியட்டும், மடிப்பு தெரியட்டும். கேம்கள் ஒன்றுபோல் உழைப்பதால்தான் மொட்டுகளின் வேறுபாடு கண்ணுக்கு இனிமையாகப் படுகிறது.

கட்டுப்பாடுகள் இரண்டு. அகலம் 36 மி.மீ.யைத் தாண்டினால் அடுத்த மொட்டோடு உரசும். இரண்டாவது, கம்பி, தட்டு, மொட்டு மூன்றும் சேர்ந்து 20 கிராமுக்குள், ஒன்பதும் ஏறக்குறைய ஒரே எடையில் இருக்க வேண்டும். தராசில் வைத்துப் பார்த்து, இலேசானவற்றின் உள்ளே துளி களிமண் வையுங்கள்.

அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டரிடமிருந்து இங்கே ஒன்று கற்றுக்கொள்ளலாம். 1930களின் தொடக்கத்தில் அவர் மோட்டார் வைத்த சிற்பங்கள் சிலவற்றைச் செய்தார். அவற்றுக்கு 'மொபைல்' என்று 1931இல் பெயர் கொடுத்தவர் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்ப். ஆனால் மோட்டார் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறது என்று கால்டருக்குச் சலிப்புத் தட்டியது. பிறகு காற்றையே நம்பித் தொங்கும் சிற்பங்களுக்குப் போய்விட்டார். அந்தச் சலிப்பு நம் அலைக்கும் வரும். அதற்கு நான் செய்வது: ஒவ்வொரு மொட்டிலும் ஓர் இதழையாவது மெல்லிய சுருள்கம்பியிலோ நூலிலோ தளர்வாக விட்டுவிடுவது. கம்பி சரியாக 16 மி.மீ.தான் ஏறும், ஆனால் அந்த இதழ் ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு விதமாக நடுங்கும். சுற்றை எண்ணிக்கொண்டிருக்கிற கண் அந்த நடுக்கத்தில் போய் நின்றுவிடும்.

இதழுக்குக் காகித மடிப்பைக் கீலாக வைக்க வேண்டாம். நிமிடத்துக்கு 10 சுற்று என்றால் எட்டு மணி நேரத்தில் 4,800 தடவை அது மடங்கி நிமிரும். துணிக்கீல் தாங்கும், காகிதம் தாங்காது.

கைப்பிடியால் ஒரு வாரம்

மோட்டாரை எடுக்க இப்போது கை பரபரக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். தண்டின் முனையில் ஒரு மரக் கைப்பிடி மாட்டி, ஒரு வாரம் நீங்களே சுழற்றுங்கள். எங்கே இறுகுகிறது, எங்கே இடறுகிறது, எந்தக் கம்பி தயங்கி விழுகிறது என்பதை விரல் சொல்லும். மோட்டார் சொல்லாது. அது முரட்டுத்தனமாக இழுத்துக்கொண்டு ஓடும், தேய வேண்டியது சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டிருக்கும், ஒரு நாள் நின்றுபோகும்.

ஒவ்வொரு கம்பியையும் கையால் தூக்கி விடுங்கள். டக்கென்று தானாக விழ வேண்டும். விழாவிட்டால் மொட்டின் எடையைக் கூட்டத் தோன்றும், கூட்டாதீர்கள். குற்றம் உராய்வில் இருக்கிறது. கம்பி வளைந்திருக்கிறதா என்று தட்டையான கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள், துளையின் விளிம்பில் மரச்சிராய் நிற்கிறதா என்று பாருங்கள். சுண்டுவிரலால் கைப்பிடியைச் சுழற்ற முடிகிற நாள்தான் மோட்டார் பூட்டுகிற நாள்.

சுழற்றும்போது எந்த வேகத்தில் அது உயிரோடிருப்பதுபோல் தோன்றுகிறது என்றும் கவனியுங்கள். எனக்கு நிமிடத்துக்குப் பத்துச் சுற்று பிடிக்கும். ஓய்வாக இருக்கும் மனிதர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். அதைவிடச் சற்றே நிதானமான அலையைப் பார்க்கும்போது நம் மூச்சும் கொஞ்சம் தணிகிறது. முப்பது சுற்றுக்கு மேல் போனால் அலை மறைந்து இயந்திரம்தான் தெரியும்.

மோட்டார்

வேகத்தைக் குறைக்கும் வேலையைப் பற்சக்கரங்களிடம் விடுங்கள். சாதாரண மோட்டாரை மின்சாரம் குறைத்து மெதுவாக்கினால் அதன் இழுவையும் போய்விடும். பற்சக்கரப் பெட்டியோடு வரும் கியர் மோட்டாரை, நிமிடத்துக்கு 10 சுற்று என்று குறித்ததாகவே வாங்குங்கள். பற்சக்கரங்கள் வேகத்தை எவ்வளவு குறைக்க முடியும் என்பதற்கு அமெரிக்கச் சிற்பி ஆர்தர் கேன்சன் செய்த ஒரு சிற்பம் சாட்சி. 50க்கு 1 என்று குறைக்கும் 12 ஜோடிப் பற்சக்கரங்கள் அதில் வரிசையாக இருக்கின்றன. மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று ஓட, கடைசிச் சக்கரம் ஒரு சுற்று முடிக்க 2 லட்சம் கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். அதனால் அந்தச் சக்கரத்தைக் கான்கிரீட்டில் பதித்தே வைத்திருக்கிறார், மோட்டாரும் நிற்காமல் ஓடுகிறது.

இழுவைக்கு எவ்வளவு வேண்டும்? ஒன்பது மொட்டுகளும் ஒன்றாக எழும்பினால் 180 கிராம் எடை, 0.8 செ.மீ. தள்ளல், அதாவது 0.144 கிலோ-செ.மீ. முறுக்குவிசை. அலையிலோ சில ஏறும்போது சில இறங்குகின்றன. இறங்குபவை ஏறுபவற்றைத் தூக்கிவிடுகின்றன, மோட்டாருக்கு மிஞ்சுவது உராய்வு மட்டும்தான். மொட்டுகளின் எடை ஒன்றுபோல் இருக்கட்டும் என்று சொன்னது இதற்காகத்தான். 1 முதல் 2 கிலோ-செ.மீ. என்று குறித்த சிறு மோட்டாரே தாராளம். அதைவிடப் பலமானது வேண்டாம். ஏதாவது சிக்கினால் பலமான மோட்டார் நிற்காது, கம்பியை வளைத்துவிட்டுத்தான் நிற்கும்.

மோட்டாரின் தண்டையும் சிற்பத்தின் தண்டையும் இரும்புக் குழாயால் இறுகப் பிணைக்காதீர்கள். கையால் செய்த பெட்டியில் இரண்டும் ஒரே நேர்கோட்டில் அமையவே அமையாது. தடித்த ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றை இரண்டு முனைகளிலும் மாட்டி, சிறு கிளிப்பால் பிடித்துவிடுங்கள். கைக்கும் இயந்திரத்துக்கும் உள்ள கருத்து வேறுபாட்டை அந்த ரப்பர் தாங்கிக்கொள்ளும். மோட்டாருக்கு அடியில் கம்பளித் துணி வையுங்கள். மரப்பெட்டி வீணைக் குடம்போல மோட்டாரின் இரைச்சலைப் பெருக்கிக் காட்டும்.

மின்சாரம் 12 வோல்ட் அடாப்டரோடு நிற்கட்டும். சுவர் மின்சாரத்தில் நேரடியாக ஓடும் மோட்டார்களை இந்தக் கட்டத்தில் தொடவேண்டாம். மின்கம்பியில் ஒரு சிறு ஃபியூஸும் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சுவிட்சும் இருக்க வேண்டும். கேம்கள் தெரிய வேண்டுமென்று ஆசைப்பட்டால் முன்பக்கம் தெளிவான அக்ரிலிக் தகடு பொருத்துங்கள், குழந்தைகள் விரலை விடாமலிருக்கவும் அது உதவும். ஆளில்லாத இரவில் ஓடவிட வேண்டாம்.

ஓடத் தொடங்கிய பின்

முதல் மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். அரை மணிக்கு ஒருதரம் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு, கை வைக்க முடியாத சூடென்றால் எங்கோ இறுக்கம் இருக்கிறது, கைப்பிடிக்குத் திரும்புங்கள். முதல் நாள் முடிவில் மூடியைத் திறந்து கேம்களுக்குக் கீழே பாருங்கள். மரத்தூள் கோடு எந்தக் கேமின் கீழ் விழுந்திருக்கிறதோ அதற்குத்தான் மெழுகு போதவில்லை. மழைக்காலத்தில் மரம் ஊதித் துளைகள் இறுகும். 3.5 மி.மீ. பிட்டை விரலால் பிடித்துத் துளைக்குள் ஒரு சுற்று விட்டால் சரியாகிவிடும்.

இது ஒரு மாதம் ஒழுங்காக ஓடிய பின் அடுத்ததை யோசிக்கலாம். எனக்குப் பிடித்த அடுத்த படி, பின்னால் இன்னொரு வரிசை மொட்டுகளை வேறொரு தண்டில் வைத்து, இரண்டு தண்டுகளையும் முன்னதில் 20 பல்லும் பின்னதில் 21 பல்லும் உள்ள சக்கரங்களால் இணைப்பது. இரண்டு அலைகளும் சேர்ந்து புறப்பட்டு, மெல்ல விலகி, எதிரெதிராகி, மீண்டும் நெருங்கும். முதலில் நின்ற அதே நிலைக்கு வர முன் தண்டு 21 சுற்று சுற்ற வேண்டும். நிமிடத்துக்குப் பத்துச் சுற்றென்றால் இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம்.